நசுங்காத எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 3

ஆடி பிறந்துவிட்டால் துப்பறியும் நிபுணர் ஆதிகேசவனுக்குத் துப்புத் துலக்க ஒன்றும் இருக்காது. அவர் பிழைப்பே மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் உண்மையா, பெண்ணுக்கு முன்கதை ஏதாவது உண்டா என்று திருவள்ளூர் வட்டாரத்து டீக்கடைகளில் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஆடியில் கல்யாணப் பேச்சை எடுப்பவர் எவரும் இல்லை. ஆகவே பஜாரில் பரோட்டா கடைக்கு மேலே, மாடியில், 'கழுகு டிடெக்டிவ் ஏஜென்சி' என்ற போர்டுக்குப் பின்னால் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். போர்டில் இருந்த கழுகு, வரைந்தவரின் கைராசியால் கோழி போல அமைந்துவிட்டது. மாடியில் சிக்கன் பிரியாணி கிடைக்கும் என்று நம்பிப் படியேறி வந்தவர்கள்தான் இந்த வருடத்து வாடிக்கையாளர்களில் பாதிப்பேர்.

உதவியாளர் கிறிஸ்டினா கும்மிடிப்பூண்டிக்காரி. சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில், செய்து வரும் சாமானில் எது தேறும், எது தேறாது என்று பார்த்துக் கழிக்கிற வேலையில் இருந்தவள். அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கே சாமான் இல்லாததால் முதலாளியையே தினமும் கழித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஆளு வந்துகீது. வாயத் தொடைங்க."

ஆதிகேசவன் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். விரல்களில் தையல்காரர்களுக்கு உள்ள காய்ப்பு. இதை அவர் கண்டுபிடித்துப் பெருமைப்படுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"என் பேரு ஜோதிலட்சுமி சார். காக்களூர் எஸ்டேட்டுல லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஷெட்டு வெச்சிகினு கீறேன். என் வண்டிய காணோம்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். வண்டி நம்பர் இன்னான்னாங்க. நம்பர் இல்லைன்னேன். எஞ்சின் நம்பர் இன்னான்னாங்க. எஞ்சினே இல்லைன்னேன். அப்போ எதுல ஓடும்னாங்க. காத்துல ஓடும்னேன். கொஞ்சம் வெளிய உக்காரும்மான்னாங்க."

போலீஸ் கைவிட்ட வழக்கு என்றதும் ஆதிகேசவனின் தூக்கம் முழுவதும் கலைந்தது. ஜோதிலட்சுமி செல்போனில் படத்தைக் காட்டினாள். தரையோடு தரையாக ஒரு இருக்கை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் முக்கோணமாக ஒரு நீலப் பாய். படகை ஏமாற்றித் தரையில் இறக்கிவிட்டது மாதிரி இருந்தது.

"பாய் வண்டி சார். வெளிநாட்டுல கடலோரத்துல இத வெச்சிப் பந்தயமே உடுறாங்க. காத்து அடிச்சா காரு வேகத்துல போவும். கயட்டி மடிச்சா கிரிக்கெட் பை மாதிரி ஒரு பைக்குள்ள அடங்கிடும். கார் டிக்கில போட்டுகினு போயிடலாம். லாரிக்குப் பாய் தைக்கிற கை, இதுக்குத் தைக்க மாட்டேனா? நானும் ஷெட்டுப் பொண்ணுங்களும் சேர்ந்து செஞ்சோம்."

"சரி, காணாமல் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாமே?"

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள செய்ய முடியாது சார்." அவள் குரல் இறங்கியது. "அந்த ஷெட்டு எங்க மாமனார் சொத்து. எங்க ஊட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிற்பாடு, அவரோட அண்ணன் அத தண்ணி கேன் குடோனா ஆக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. பங்காளிங்க எல்லாரும் உக்காந்து பேசினாங்க. இன்னிக்குப் பழவேற்காட்டுப் பக்கம் காஞ்ச ஏரில பந்தயம் நடக்குது. அதுல இந்த வண்டி ஆள வெச்சிகினு ஒரு சுத்து ஓடி முடிச்சிட்டா ஷெட்டு எனக்கு. முடிக்கலைன்னா சாவிய குடுத்துடணும். நானே ஒத்துக்கினேன். கோவத்துல ஒத்துக்கினேன்."

"அண்ணன் பேரு?"

"சந்திரமோகன்."

"கேஸ் முடிஞ்சிச்சி சார்," என்றாள் கிறிஸ்டினா. "போர்வைய எடுங்க, மறுபடி தூங்கலாம்."

ஆதிகேசவனுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வழக்குக்குத் துப்பறியும் நிபுணர் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். அதனால் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிறிஸ்டினா ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் அவர் உட்கார்ந்தார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எதிரியைத் துரத்துகிற காட்சிகளில் இது பெரிய குறை.

காக்களூர் ஷெட்டுக்குள் மெழுகுத் துணி வாசனை தூக்கலாக இருந்தது. வரிசையாகத் தையல் மெஷின்கள். பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி ஒன்று ஜோதிலட்சுமியிடம், இன்னொன்று சந்திரமோகனிடம். வண்டிப் பை இருந்த மூலை காலியாகக் கிடந்தது.

ஆதிகேசவன் முட்டி போட்டுத் தரையை ஆராய்ந்தார். முட்டி 'கடக்' என்றது.

"எந்திரிக்கறதுக்கு ஆள் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க. பக்கத்து ஷெட்டுல கிரேன் கீது," என்றாள் கிறிஸ்டினா.

அவர் இன்னும் குனிந்தார். கடைசித் தையல் மெஷினுக்கு அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கையை நீட்டி உருட்டி எடுத்தார். எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் குங்குமம். இன்னொரு பக்கம் கறுப்பாக, கோடு கோடாக ஒரு அழுக்குத் தடம்.

"செய்வினை," என்றார் ஆதிகேசவன், சினிமாவில் டாக்டர் உதட்டைப் பிதுக்கும் பாவனையில்.

ஜோதிலட்சுமியின் முகம் வெளுத்தது. கிறிஸ்டினா பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செய்வினைன்னா பழத்த அறுத்துப் போடுவாங்க, இல்ல ஊசி குத்துவாங்க. எங்க தெருவுல பாத்துகீறேன். இது முழுசா கீது. ரெண்டு சோடா வாங்கினா மூணு பேரு குடிக்கலாம்."

நிபுணர் ஒருமுறை சொன்னதை உடனே மாற்றிக்கொண்டால் மரியாதை என்ன ஆவது? "சாட்சிப் பொருள்," என்று சொல்லிப் பழத்தைப் பிடுங்கிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சந்திரமோகனின் குடோன் அடுத்த தெருவில்தான். வாசலில் ஆடித் திருவிழா பிளெக்ஸ் போர்டு. எல்லையம்மனுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அம்மன் அளவுக்கே, கை கூப்பியபடி சந்திரமோகன். கீழே 'திருவிழாக் கமிட்டித் தலைவர்' என்று போட்டிருந்தது.

"அம்மன் இவருக்கு எடம் உட்டு நகந்து நிக்குது பாருங்க," என்றாள் கிறிஸ்டினா.

நிஜ சந்திரமோகன் படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் வாடியிருந்தார். கனத்த ஆள், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, ராத்திரி தூங்காத கண்கள். காது மேலே தலைமுடியில் பொன்னிறமாக என்னவோ மினுங்கியது.

"ஜோதி அனுப்பிச்சாளா? நல்லாத் தேடிக்கோங்க சார். குடோன், ஊடு, வண்டி, எங்க வேணும்னாலும் தேடிக்கோங்க."

குற்றவாளி இவ்வளவு உபசாரமாக அழைத்தால் எவனுக்கும் சந்தேகம் வரும். ஆதிகேசவனுக்கு உற்சாகம் வந்தது. அடுக்கி வைத்திருந்த தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாகத் தலையை நீட்டித் தேடினார். தண்ணீர் கேன் கண்ணாடி போன்றது, அதற்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியைக்கூட ஒளிக்க முடியாது என்பது கடைசி வரிசைக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு கேனைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"தலைல இன்னா சார், தங்கம் மொளைக்குது?" என்று கிறிஸ்டினா கேட்டாள்.

சந்திரமோகன் சட்டென்று தலையைத் தடவினார். விரலில் ஜிகினா ஒட்டியது. "அதுவா? நேத்து எங்க பங்காளி பையன் ரிசப்ஷன். பசங்க பேப்பர் வெடி வெடிச்சானுங்க, அதான்." விரலை வேட்டியில் துடைத்தார். "ஏன் சார், இன்னிக்குள்ள கெடைக்காதுல்ல?"

"கண்டுபிடித்துவிடுவோம்."

"சாயங்காலத்துக்குள்ள கெடைக்காதுல்ல?" என்று மறுபடியும் கேட்டார்.

ஷெட்டுக்கு எவ்வளவு பேராசை பாருங்கள் என்று ஆதிகேசவன் மனசுக்குள் காறித் துப்பினார். ஆனால் காறித் துப்பினால் மட்டும் வழக்கு ஜெயித்துவிடாது. பொருள் கிடைக்கவில்லை. வீட்டிலும் இல்லை, தண்ணீர் ஏற்றும் குட்டியானை வண்டியிலும் இல்லை. சந்திரமோகன் கொடுத்த தண்ணீரைக் குடித்து, ஏப்பம் விட்டு, தோற்றுப்போய் வெளியே வந்தார்கள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. மேல்காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. பந்தயத்துக்கு ஏன் ஆடியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஆதிகேசவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஜோதி அக்காகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"விசாரணை முக்கியமான கட்டத்தில் இருக்கிறது என்று."

"அதாவது ஒண்ணும் கெடைக்கல."

எஸ்டேட் முனையில் இருந்த வேகத்தடையை, அவரோடு பேசிய எரிச்சலில், கிறிஸ்டினா கவனிக்கவில்லை. ஸ்கூட்டர் துள்ளியது. ஆதிகேசவன் துள்ளி, மறுபடி இருக்கையில் வந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் 'பொதக்' என்று ஒரு சத்தம். தொடையில் சில்லென்று ஈரம் பரவியது.

"வண்டிய நிறுத்து."

"இன்னா சார், அவசரமா?"

"சாட்சி செத்துப்போச்சு."

பாக்கெட்டிலிருந்து சக்கையை எடுத்தார். பேண்ட் முழுக்கச் சாறு. கிறிஸ்டினா சாலையோரம் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஆதிகேசவன் சிரிக்கவில்லை. கையில் இருந்த சக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிறிஸ்டினா, இந்தப் பழத்தில் இருந்த கறுப்புத் தடம் என்ன தடம்?"

"டயர் தடம்."

"டயர் ஏறின பழம். என் தொடை ஏறினதுக்கே செத்துப்போச்சு. ஆனா ஒரு வண்டி ஏறி இறங்கியும் முழுசா இருந்தது. புது வண்டிக்குப் பூஜை போட்டா எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பாங்க?"

சிரிப்பு நின்றது. "சக்கரத்துக்கு அடில."

"ஷேர் ஆட்டோவா இருந்தா கூழாயிருக்கும். ஸ்கூட்டரா இருந்தாலும் நசுங்கியிருக்கும். நசுக்காமத் தள்ளிவிட்டுட்டுப் போற அளவுக்கு லேசான வண்டி அந்த ஷெட்டில் ஒண்ணே ஒண்ணுதான். எடுத்தவன் அதைப் பையிலிருந்து எடுத்து, மாட்டி, குங்குமம் வெச்சு, பூஜை போட்டுவிட்டுத்தான் எடுத்துப் போயிருக்கான். எந்தத் திருடன் திருடப்போற பொருளுக்குப் பூஜை போடுவான்?"

"தன்னையே திருடனா நெனைக்காதவன்." கிறிஸ்டினா கண்ணைச் சுருக்கினாள். "ஊட்டு ஆளு. ஆனா அவரு வண்டி ஓடக்கூடாதுன்னு நெனைக்கிறவராச்சே."

"இன்னொன்று. நேத்து ரிசப்ஷன் என்றார்."

"ஆமா, போனா இன்னா?"

"ஆடி மாசத்தில் எவன் கல்யாணம் வைப்பான்? சொந்தப் பங்காளி வீட்டில்?"

கிறிஸ்டினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆடில கல்யாணம் இல்லாததாலதான நாம ஆபீஸ்ல ஈ ஓட்டிகினு கீறோம். அத அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்றான், நீங்க தண்ணி குடிச்சிட்டு ஏப்பம் உட்டுட்டு வர்றீங்க."

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அறிவு, ஓடத் தொடங்கிய பிறகு அவமானத்துக்காக நிற்கவில்லை. ரிசப்ஷன் இல்லை என்றால் ஜிகினா எங்கே ஒட்டியது? திருவிழாவுக்காகப் புதிதாக வர்ணம் அடித்து, ஜிகினா ஒட்டிய குதிரையும் சிங்கமும் அன்னமும் இருக்கிற இடத்தில். எல்லையம்மன் கோயில் வாகன அறை. அதன் சாவி கமிட்டித் தலைவரிடம்.

ஜோதிலட்சுமிக்குப் போன் போட்டார். "அம்மா, ஒரே கேள்வி. இன்னைக்கு வண்டியை ஓட்டப்போவது யார்?"

"எங்க வெல்டரு ராபின்தான் ஓட்டறதா இருந்தான் சார். கை பிசகிச்சி. அதனால பூமிகா ஓட்டறதா பேச்சு. சந்திரமோகன் மாமாவோட பொண்ணு. அவருக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியும்," என்றார் ஆதிகேசவன். "அவளையும் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வாங்க."

வாகன அறைப் படியில் சந்திரமோகன் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழ முயன்றார், பிறகு வேண்டாம் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் இது, பேண்ட்டெல்லாம் ஈரம்?"

"சாட்சி," என்றார் ஆதிகேசவன், முடிந்தவரை கம்பீரமாக.

சந்திரமோகன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். பொன்னிறக் குதிரைக்கும் வெள்ளை அன்னத்துக்கும் நடுவில் அந்த நீளமான பை சாய்ந்திருந்தது. மேலே பட்டுத் துணி போர்த்தி, பூ வைத்திருந்தார். திருடின பொருளுக்கு இவ்வளவு மரியாதையை ஆதிகேசவன் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. அனுபவமும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

"நேத்து சோறு துன்னும்போது பூமிகா அம்மா வாய் தவறிச் சொல்லிட்டா," என்று சந்திரமோகன் ஆரம்பித்தார். "பூமிதான் ஓட்டப் போறாளாம். எனக்குக் கை கால் ஓடல. ஆடி மாசம், புது வண்டி, ஒரு பூஜை கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஜோதிய கேட்டா சிரிப்பா. அதான் விடியறதுக்குள்ள போயி நானே ஷெட்டத் தொறந்து, வண்டிய மாட்டி, சூடம் ஏத்தி, மூணு சக்கரத்துக்கும் பழம் வெச்சித் தள்ளினேன். ஒண்ணு கூட நசுங்கல சார். மூணும் நழுவிகினு ஓடிச்சி. மறுபடி வெச்சேன். மறுபடி ஓடிச்சி. ரெண்டத் தேடி எடுத்தேன், ஒண்ணு கெடைக்கல. எத்தினி வண்டிக்குப் பூஜை போட்டுகீறேன், இந்த மாதிரி ஒரு சகுனம் நான் பாத்ததே இல்ல. அந்த வண்டில என் பொண்ண எப்படி ஏத்துவேன்? ஊட்டுக்கும் கொண்டு போவக்கூடாது. ஒடைக்கவும் மனசு வரல, ஜோதி ராப்பகலா தைச்சது. அதான் ஆத்தா காலடில வெச்சேன்."

'சாயங்காலத்துக்குள்ள கெடைக்காதுல்ல' என்று அவர் இரண்டு தடவை கேட்டது ஆதிகேசவனின் காதில் இப்போது வேறு மாதிரி கேட்டது. மனசுக்குள் துப்பியதை மனசுக்குள்ளேயே துடைத்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்டயே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள் கிறிஸ்டினா.

"சொன்னா? ஷெட்ட புடுங்கறதுக்காவ பொண்ண நிறுத்திட்டான்னு ஊரே சொல்லும்."

"இப்ப திருடினா சொல்லாதா?"

"திருடினா யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன்மா." அவர் ஆதிகேசவனை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் சாரு கேனுக்குப் பின்னாடி தேடினத பாத்த பிற்பாடு தைரியம் வந்துடுச்சி."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜோதிலட்சுமியின் பின்னால் இருந்து பூமிகா இறங்கினாள். ஒல்லியான பெண், சிப்காட்டில் வேலை. கிறிஸ்டினா நாலு வரியில் சொன்னதுமே விஷயம் விளங்கிவிட்டது அவளுக்கு. பையைப் பிரித்து, குழாய்களைச் செருகி, சக்கரங்களை மாட்டினாள். டீ ஆறுவதற்குள் வண்டி தயாராகி நின்றது. வாசலில் பூ விற்கிற கடையில் பழம் வாங்கி, மூன்று சக்கரத்துக்கும் அடியில் வைத்து, இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"நீ வெறும் வண்டிய தள்ளினே நைனா. அதான் நசுங்கல. இப்ப பாரு. சார், தள்ளுங்க."

ஆதிகேசவன் தள்ளினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முன்சக்கரம் பழத்தைத் தொட்டது, காற்றடைத்த தடித்த டயர் லேசாக அமுங்கியது, பழம் வழுக்கிக்கொண்டு கோயில் குளத்துப் பக்கம் உருண்டு போனது. பின்சக்கரத்துப் பழங்களும் அதே வழியைப் பிடித்தன.

சந்திரமோகன் கண்ணை மூடிக்கொண்டார். ஜோதிலட்சுமிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிலைமையைக் காப்பாற்ற வேண்டியது தன் கடமை என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. இப்படித் தோன்றிய சமயங்களில் எல்லாம் நிலைமை மோசமாகியிருக்கிறது. இருந்தாலும் பூமிகாவை எழுப்பிவிட்டு, முன்சக்கரத்துக்கு இன்னொரு பழம் வைத்து, அவர் போய் உட்கார்ந்தார். இருக்கை முனகியது. கிறிஸ்டினா முக்கி முக்கித் தள்ளினாள். பழம் பச்சக் என்று கூழாகி அவள் சுடிதாரில் தெறித்தது.

"பார்த்தீர்களா, நசுங்கிவிட்டது," என்றார் வெற்றியோடு.

"அது உங்க வெயிட்டு சார்," என்றார் சந்திரமோகன் வருத்தமாக. "என் பொண்ணு வெயிட்டு இல்ல."

பூமிகா அப்பா பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "நைனா, இதுக்கு எஞ்சின் இல்ல. காத்துதான் தள்ளணும். பழத்த நசுக்குற அளவுக்குக் கனமா இருந்தா எந்தக் காத்து இத தள்ளும்? லேசா இருக்கறதாலதான் பழம் தப்பிச்சிகினு போவுது. லேசா இருக்கறதாலதான் வண்டியே ஓடும். நசுங்கியிருந்தாதான் நான் பயந்திருப்பேன்."

"புரியுது கண்ணு. நீ சொல்றது எல்லாம் புரியுது. மனசு கேக்க மாட்டேங்குதே."

ஜோதிலட்சுமி முன்னால் வந்தாள். "மாமா, இன்னிக்கு வண்டி ஓடலைன்னா ஷெட்டு உங்களுது. நான் பேச்சு மாற மாட்டேன், பங்காளிங்ககிட்ட இத பத்தி வாயத் தொறக்கவும் மாட்டேன். பூமி ஏறக்கூடாதுன்னா சொல்லிடுங்க, நான் ஏறிக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனாலும் ஏறிக்கிறேன்."

சந்திரமோகன் வெகுநேரம் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் குட்டியானை வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். "ஏத்துங்க. நான் பக்கத்துல இருந்து பாப்பேன். அவ்ளோதான் சொல்லுவேன்."

பழவேற்காட்டுப் பக்கம் ஏரி வற்றி, கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறும் உப்பு பூத்த வெள்ளையுமாகக் கிடந்தது. தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள் குட்டி குட்டியாகத் தெரிந்தன. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த பாய் வண்டிகள் சிவப்பும் பச்சையுமாக வரிசையில் நின்றன. தூரத்து டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். எத்தனையாவதாக வந்தாலும் சரி, அமைப்பாளர் கொடியை இறக்குவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டால் ஓடி முடித்த கணக்கு. வண்டி நின்றுபோனால் அந்த அணியின் ஆள் ஒருவர் போய்த் தள்ளிவிடலாம்.

கை பிசகிய வெல்டர் ராபினால் தள்ள முடியாது. சந்திரமோகன் வண்டியைப் பார்க்கவே பயந்து ஒதுங்கி நின்றார். எல்லோருடைய கண்ணும் ஆதிகேசவன் மேல் விழுந்தது.

"இவ்ளோ நேரம் மூளைய யூஸ் பண்ணீங்க," என்றாள் கிறிஸ்டினா. "அதுக்கு ரெஸ்ட்டு குடுங்க, பாவம்."

கொடி அசைந்தது. ஆதிகேசவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது அவருடைய தன்மானத்துக்காக. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்த இடத்தில் வலது கால் முழங்கால் வரை இறங்கியது. முகம் குப்புற விழுந்தார். நல்லவேளையாக, விழுந்த வேகமே கடைசித் தள்ளாக அமைந்து வண்டியை அனுப்பிவைத்தது. நீலப் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது. சத்தமே இல்லாமல், துணியின் படபடப்பு மட்டும் கேட்க, பூமிகா பறந்தாள்.

சேற்றை வழித்துக்கொண்டு ஆதிகேசவன் கரைக்கு வந்தபோது அவளுடைய வண்டி இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தது. டிரம்மைச் சுற்றித் திரும்பும்போது வண்டியின் மூக்கு நேராகக் காற்றுக்கு எதிரே போய்விட்டது. பாய் தொளதொளத்தது. வண்டி நின்றது.

சிவப்புப் பாய் தாண்டிப் போனது. பச்சை தாண்டியது. பூமிகா காலை ஊன்றி நகர்த்தப் பார்த்தாள், சேறு விடவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்ட, அமைப்பாளர் கொடிக் கயிற்றில் கை வைத்தார்.

"சார், ஓடுங்க," என்றாள் கிறிஸ்டினா. முதல் தடவையாக அவள் குரலில் கேலி இல்லை. ஆதிகேசவன் ஓடத்தான் பார்த்தார். முட்டி மடங்க மறுத்தது. கிறிஸ்டினா செருப்பை உதறிவிட்டுத் தானே கிளம்பினாள். ஜோதிலட்சுமி இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்த வண்டி அங்கேயே நின்றால் போதும், ஷெட் கைமாறிவிடும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கிறிஸ்டினாவை முந்திக்கொண்டு ஒரு கனத்த உருவம் ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பு எங்கேயோ போக, விபூதி வியர்வையில் வழிய, சந்திரமோகன் ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு இடத்தில் விழுந்தார், கையை ஊன்றி எழுந்தார், மறுபடி ஓடினார். பூமிகா கையைக் காட்டிக் கத்தியது காற்றில் இங்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. வண்டியின் மூக்கைத் தூக்கித் திருப்பி வைத்தார், பின்னால் வந்து இருக்கையைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிக்கொண்டே ஓடினார். பாய் ஒரு தரம் உதறி, நிமிர்ந்து, நிறைந்தது. வண்டி அவர் கையை விட்டுப் போனது. போன பிறகும் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி அவர் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

கொடி பாதி இறங்கியிருந்தபோது பூமிகா கோட்டைத் தாண்டினாள். கடைசியாகத்தான் வந்தாள். பார்க்க வந்திருந்த ஷெட்டுப் பெண்கள் போட்ட கூச்சலைக் கேட்டு முதலாவதாக வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சந்திரமோகன் வந்து சேர நேரமாயிற்று. இடுப்பு வரை சேறு, மூச்சு வாங்கியது. ஜோதிலட்சுமி எதிரே போய் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சும்மா நின்னிருந்தா போதுமே மாமா. ஷெட்டு உங்களுது ஆயிருக்குமே," என்றாள்.

அவர் அவளைத் தாண்டி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஷெட்டும்மா?" என்றார்.